ஒரு கணனி, இரு வாசல்கள்

சோஹாரிலிருந்து

ஓமான் நாட்டின் பாத்தினா கரையில், தலைநகர் மஸ்கற்றுக்கு வடமேற்கே ஏறக்குறைய இருநூறு கிலோமீற்றர் தொலைவில் அமைந்த பழம்பெரும் துறைமுக நகரம் சோஹார். பத்தாம் நூற்றாண்டிலேயே சீனத்துக்கும் கிழக்காபிரிக்காவுக்கும் கப்பல்கள் இங்கிருந்து பாய்விரித்தன என அக்காலத்து அரபுப் புவியியலாளர் எழுதி வைத்துள்ளனர். சிந்துபாத் பிறந்த ஊர் இதுவென்று ஒரு செவிவழிக் கதையும் உண்டு. இன்றைய சோஹாரோ உருக்காலைகளின் ஊர். ஓமான் அரசும் ரொட்டர்டாம் துறைமுக நிறுவனமும் கூட்டாக 2002 ஆம் ஆண்டில் தொடக்கிவைத்த பெருந்துறைமுகத்தைச் சுற்றி அலுமினியமும் உருக்கும் உருகிக்கொண்டிருக்கின்றன. அந்த வெப்பத்தின் நடுவே எம்மவர் பலரும் உழைக்கின்றனர்.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருந்து இப்பத்திரிகையை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே அகதி என்ற பதிவு எவருக்கும் கிடையாது. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஓமான் இணைந்த நாடன்று. நாமெல்லோரும் ஒப்பந்தத்தின் பேரில் தங்கியிருப்போர். ஒப்பந்தம் முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியவர்கள். ஆகவே இங்கு வாழும் தமிழரின் உடைமைகள் யாவும் ஒரு பயணப்பெட்டிக்குள் அடங்குபவையாகவே இருக்கின்றன. அத்தகைய உடைமைகளுள் ஒன்றாகிய ஒரு பழைய மடிக்கணனியைப் பற்றியதே இக்கட்டுரை.

அத்தானின் கோப்புகள்

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், துறைமுகப் பகுதியில் ஒட்டுவேலை செய்யும் அன்பர் ஒருவர் எமது அறைக்கு வந்தார். வன்னியின் கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்தவர். வயதில் எமக்கு மூத்தவர். ஆயினும் நாம் ஒருகாலத்தில் பல்கலைக்கழகத்தில் விரிவுரை செய்தவர் என்பதற்காக எம்மைச் 'சேர்' என்றே அழைப்பவர். பொலித்தீன் பையால் சுற்றிய மடிக்கணனியொன்றை மேசையில் வைத்தார்.

"சேர், உதை ஒருக்கால் பாருங்கோ. மூன்று கிழமையிலை லீவிலை ஊருக்குப் போறன். மகளுக்குக் குடுக்க வேணும். கடையிலை காட்டினன். எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசாப் போட்டால்தான் சரிவருமாம். அழிக்க ஏலாது சேர். அதுக்குள்ளை அத்தான்ரை எழுத்து எல்லாம் கிடக்கு."

அவருடைய அத்தான் கிராமத்துப் பாடசாலையின் அதிபராக இருந்தவர். தமது ஊரின் வரலாற்றை ஆண்டுக்கணக்காக எழுதியவர். எந்த வளவில் எந்தக் குடும்பம் இருந்தது, எந்தக் கிணறு யாரால் வெட்டப்பட்டது, எந்த வயலுக்கு எந்த வாய்க்காலால் நீர் பாய்ந்தது, கோயிலின் எந்தத் திருவிழா எந்தப் பகுதியினருக்கு உரியது என்பவற்றையெல்லாம் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுத்திருந்தார். கையெழுத்துப் பிரதிகள் 2009 ஆம் ஆண்டின் இறுதிப் போரில், அவரோடு சேர்ந்தே இல்லாமற்போயின. ஆனால் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் அவர் தட்டச்சுச் செய்வித்து, கனடாவிலிருந்த மருமகனுக்கு ஓர் இறுவட்டில் அனுப்பியிருந்த பிரதி தப்பியது. அந்த இறுவட்டும் பின்னர் கீறுபட்டுப் பழுதாயிற்று. அதிலிருந்து முன்னமே பிரதிசெய்யப்பட்டிருந்த கோப்புகள் இந்த மடிக்கணனி ஒன்றிலேயே எஞ்சியிருந்தன. மருமகன் பயன்படுத்திவிட்டு மாமனாருக்கு அனுப்பிய கணனி அது.

இருநூறுக்கு மேற்பட்ட பக்கங்கள். உலகில் ஒரே ஒரு பிரதி. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுள், வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் இருந்தன என்பதை அறிந்த எம்மால் அந்தப் பொலித்தீன் பையைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

ஏன் இரண்டு தேவைப்பட்டன?

கணனியில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியுடன் நிறுத்திவிட்டது. தனிப்பட்ட பாவனையாளருக்கென 2026 ஒக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு ஒன்றும் அறிவிக்கப்பட்டது. அதற்குத் தனியே பதிவுசெய்ய வேண்டும். விண்டோஸ் 11 இற்கு மாறலாமே எனின், அது டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் வகையில் எட்டாந் தலைமுறை முதலான செயலிகளையும் வேண்டி நிற்கிறது. அன்பரின் கணனியிலிருந்ததோ ஆறாந் தலைமுறைச் செயலி. உறுப்புகள் யாவும் நலமாயிருக்கையில், மென்பொருள் காரணமாக மட்டும் முதுமை எய்திவிட்ட கணனிகளுள் அதுவும் ஒன்று.

மகள் வவுனியாவில் உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் கற்கிறாள். அவளுக்கு வேண்டியது இணையத்தில் அச்சமின்றி உலாவவும், பைதன் நிரல் எழுதவும், தமிழில் தட்டச்சுச் செய்யவும் ஏற்ற ஓர் இயங்குதளம். லினக்ஸ் இவற்றைக் காசின்றியே தரும். உபுண்டு என்னும் லினக்ஸ் வெளியீட்டின் 24.04 ஆம் பதிப்பு 2024 ஏப்ரலில் வந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு.

அத்தானின் எழுத்துக்கு வேண்டியதோ பழைய உலகம். அவை பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைந்தவை. எமது புலம்பெயர் பத்திரிகைகளும் தொண்ணூறுகளில் இவ்வழியாகவே வெளிவந்தன என்பதை மூத்த வாசகர் அறிவர். பாமினியில் தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி இடம் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளிலேயே தமிழ் உருவங்கள் அமர்த்தப்பட்டுள்ளன. எழுத்துருவை எடுத்துவிட்டால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே. யூனிகோட் தரத்தில் 1991 ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடமளிக்கப்பட்டபோதும், விண்டோஸ் 2000 இன் பின்னரே பொதுமக்களின் கணனிகளில் அது மெல்ல மெல்லப் புழக்கத்துக்கு வந்தது. அதற்கிடைப்பட்ட காலத்து எழுத்துகள் யாவும் இத்தகைய எழுத்துருக்களுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றன.

பேஜ்மேக்கர் கோப்புகளை லினக்ஸில் இயங்கும் லிப்ரெ ஒபிஸ் ஓரளவு திறக்கும். நாம் முயன்று பார்த்தோம். பந்திகள் இடம்மாறின, அட்டவணைகள் குலைந்தன. வளவுகளின் பட்டியலில் ஒரு வரி மாறினால் ஒருவருடைய காணி இன்னொருவருடைய பெயருக்குப் போய்விடும் அன்றோ? எனவே, பிழையற யூனிகோட்டுக்கு மாற்றி முடிக்கும்வரை, பழைய விண்டோஸும் அதன் பேஜ்மேக்கரும் உயிரோடு இருந்தாக வேண்டும். ஒரு இயங்குதளத்துக்குள்ளேயே மற்றொன்றை இயக்கும் முறையும் உண்டு. ஆயினும் இரண்டையும் ஒரே வேளையில் தாங்க அந்தக் கணனியின் எட்டு ஜிகாபைட்டு நினைவகம் இடர்ப்படும். எனவே ஒரே கணனியில் இரண்டு இயங்குதளங்களைத் தனித்தனியே நிறுவி, தொடங்கும் வேளையில் வேண்டியதைத் தெரிவுசெய்யும் வழியையே தேர்ந்தோம்.

வாசற்காவலன்

கணனியின் ஆளியை அழுத்தியதும் நிகழ்வது யாது? முதலில் விழித்தெழுவது விண்டோஸுமன்று, லினக்ஸுமன்று. தாய்ப்பலகையில் பதிந்துள்ள சிறியதொரு நிரலே. அது வன்தட்டில் உரிய இடத்தை நாடி, அங்குள்ள தொடக்கநிரலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். அத்தொடக்கநிரலே இயங்குதளத்தை எழுப்புகிறது.

பழைய ஏற்பாட்டில் அந்த இடம் வன்தட்டின் முதலாவது துண்டமாகிய 512 பைட்டுகள். 1983 ஆம் ஆண்டில் டொஸ் 2.0 உடன் வந்த முறை இது. அதில் 64 பைட்டுகளே வன்தட்டின் பிரிவுகளைக் குறித்துவைக்க ஒதுக்கப்பட்டன. பிரிவொன்றுக்குப் பதினாறு பைட்டுகள் தேவை. ஆதலால் முதன்மைப் பிரிவுகள் நான்குக்கு மேல் அமைக்க இயலாது. புதிய ஏற்பாடாகிய யூ.ஈ.எப்.ஐ. முறையில் இதற்கெனச் சிறியதொரு தனிப்பிரிவே உண்டு. அதனுள் விண்டோஸின் தொடக்கநிரல் ஓர் உறையிலும், லினக்ஸின் தொடக்கநிரல் இன்னோர் உறையிலும் சண்டையின்றி இருக்கலாம்.

லினக்ஸ் உலகில் பெரிதும் வழங்கும் தொடக்கநிரலின் பெயர் கிரப். எரிக் பொலெயின் என்பார் 1995 ஆம் ஆண்டில் இதனை எழுதத் தொடங்கினார். ஆளியை அழுத்தியதும் திரையில் ஒரு பட்டியலைக் காட்டி, எந்த வீட்டுக்குப் போக வேண்டும் எனக் கேட்டுச் சில விநாடிகள் காத்து நிற்கும் வாசற்காவலன் அவன்.

இம்முறை தமிழருக்குப் புதியதன்று. தமிழ்நாட்டு அரசு 2011 செப்டெம்பர் 15 ஆந் திகதி மாணவருக்கான இலவச மடிக்கணனித் திட்டத்தைத் தொடக்கியபோது, அக்கணனிகளில் விண்டோஸ் 7 உடன் பொஸ் லினக்ஸும் இரட்டையாக நிறுவப்பட்டிருந்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட இயங்குதளம் அது. அண்டை மாநிலமாகிய கேரளமோ பாடசாலைக் கணனிக் கல்வியையே கட்டற்ற மென்பொருளின்மீது கட்டியெழுப்பி, ஆசிரியரைப் பயிற்றி, பாடநூலையும் அதற்கேற்ப எழுதியது. இரண்டாவது வாசல் ஒன்றை அமைப்பது எளிது. அதற்குள் நுழையக் கற்பிப்பதே வேலை என்பது இவ்விரு முயற்சிகளையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்குப் புலனாகும்.

நாற்பத்தெட்டு இலக்கங்கள்

முதலாவது வெள்ளிக்கிழமையில் நாம் வேறெதனையும் தொடவில்லை, பிரதி எடுத்தோம். இரண்டு பென்டிரைவுகளில் அத்தானின் கோப்புகளும், அவற்றோடு பாமினி எழுத்துருக் கோப்பும் சென்றன. எழுத்துருவை மறந்து கோப்பை மட்டும் காப்பவர், திறப்பை வீட்டுக்குள் விட்டுக் கதவைப் பூட்டியவர் ஆவார். பிரதி எடுத்தால் மட்டும் போதாது; அதை வேறொரு கணனியில் திறந்து பார்க்கவும் வேண்டும். எமது கணனியில் திறந்தோம். முதற்பக்கத்தில் ஊரின் பெயர் தெரிந்தது. அன்பர் சிறிதுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அடுத்து ஒரு தவறு செய்தோம். அது முற்றிலும் எமது தவறே. உபுண்டுவை நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கும் வசதி உண்டு. கம்பியில்லா இணைப்பு, ஒலி, தொடுபலகை ஆகியன இசைகின்றனவா என இவ்வாறு முதலில் சோதிப்பது நன்று. அதற்காகத் தாய்ப்பலகையின் அமைப்புக்குள் சென்று பாதுகாப்பான தொடக்கம் என்னும் ஏற்பாட்டை அணைத்தோம். உண்மையில் அதற்குத் தேவையே இருக்கவில்லை. உபுண்டுவின் தொடக்கநிரல் அந்த ஏற்பாட்டுக்கு ஏற்றவாறு கையொப்பமிடப்பட்டே வருகிறது. சோதனை நன்றாகவே நடந்தது. திரும்ப விண்டோஸைத் தொடக்கியபோது நீலத்திரை ஒன்று தோன்றி, நாற்பத்தெட்டு இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலைக் கேட்டது.

வன்தட்டு முழுவதும் பிற்லொக்கர் என்னும் முறையால் மறைகுறியாக்கப்பட்டிருந்தது. தொடக்க ஏற்பாடு மாறியதைக் கண்டு, கள்வர் கைப்பட்டதோ என ஐயுற்றுக் கணனி தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. அதன் கடமையை அது செய்தது. அதனை முன்னரே நாம் விசாரியாததுதான் குற்றம். எழுத்துகளின் பிரதிகள் எம்மிடம் இருந்தன. ஆயினும் அவற்றைச் செவ்வனே காட்டக்கூடிய பேஜ்மேக்கர் உள்ளே இருந்தது. அதை மீள நிறுவுதற்கான இறுவட்டு எவரிடமும் இல்லை.

கணனியை அமைத்தவர் கனடாவிலுள்ள மருமகன். அப்போது சோஹாரில் காலை ஏழு மணி. ரொறன்ரோவில் முன்னிரவு பத்து மணி. அன்பர் கைத்தொலைபேசியில் அழைத்தார். மருமகன் தன் மைக்ரோசொப்ட் கணக்கினுள் தேடி, இலக்கங்களை ஆறு ஆறாக வாசித்தார். அன்பர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். நாம் கொப்பியில் எழுதினோம். எட்டுத் தொகுதிகள். அவற்றைத் தட்டியதும் பழைய திரை மீண்டும் மலர்ந்தது.

"சேர், உந்தக் கொப்பித் தாளைக் கிழிச்சு என்னட்டைத் தாங்கோ. கடவுச்சீட்டோடை வைக்கிறன்" என்றார் அன்பர்.

வாசகர் இதிலிருந்து கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கணனியில் எதனையும் மாற்றுமுன், மறைகுறியாக்கம் இயங்குகிறதா எனப் பாருங்கள். இயங்குமாயின் திறவுகோலைத் தாளில் எழுதி வையுங்கள். பின்னர் மறைகுறியாக்கத்தை முற்றாக நீக்கிவிட்டே வேலையைத் தொடங்குங்கள். நாமும் அவ்வாறே நீக்கினோம். அதற்குப் பல மணிநேரம் சென்றது.

பிரித்தலும் நிறுவலும்

இரண்டாவது வெள்ளிக்கிழமையில் மூன்று காரியங்களை விண்டோஸுக்குள் இருந்தவாறே முடித்தோம்.

முதலாவது, வேகத் தொடக்கத்தை நிறுத்தியமை. விண்டோஸ் 8 முதலாக, கணனியை அணைக்கும்போது அது முற்றாக உறங்குவதில்லை. தன் நிலையின் ஒரு பகுதியை வன்தட்டில் எழுதிவைத்து அரைத்தூக்கத்தில் ஆழ்கிறது. அவ்வேளையில் லினக்ஸ் அதே பிரிவில் கைவைத்தால் கோப்புகள் பழுதாகலாம்.

இரண்டாவது, விண்டோஸ் இருக்கும் பிரிவைச் சுருக்கியமை. 500 ஜிகாபைட்டுக் கொண்ட வன்தட்டில் 120 ஜிகாபைட்டை விடுவித்தோம். விண்டோஸின் பிரிவை விண்டோஸின் கருவியைக் கொண்டே சுருக்குவது பாதுகாப்பானது. சில வேளைகளில் கேட்ட அளவு கிடைக்காது. நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் நிற்பதே அதற்குக் காரணம்.

மூன்றாவது, விடுவித்த இடத்தில் 60 ஜிகாபைட்டை இரு இயங்குதளங்களும் எழுதவும் வாசிக்கவும் கூடிய பொதுப் பிரிவாக அமைத்தமை. ஊர்க்கிணறு போல இரு வீட்டாரும் அள்ளிக்கொள்ளும் இடம் அது. அத்தானின் கோப்புகளின் பிரதியொன்று அங்கே சென்றது. எஞ்சிய 60 ஜிகாபைட்டை வெறுமையாக விட்டோம். உபுண்டுவுக்கு 25 ஜிகாபைட்டு இருந்தாலே போதும் என்பர்; மாணவியின் தேவைக்குக் கூடுதலாக விட்டோம்.

பிறகு பாதுகாப்பான தொடக்கத்தை மீள இயக்கி, பென்டிரைவிலிருந்து உபுண்டுவை நிறுவத் தொடங்கினோம். இங்கே ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் எந்த ஏற்பாட்டில் நிறுவப்பட்டதோ, லினக்ஸையும் அதே ஏற்பாட்டில் நிறுவ வேண்டும். ஒன்று பழைய முறையிலும் மற்றொன்று யூ.ஈ.எப்.ஐ. முறையிலும் இருந்தால் பட்டியலில் ஒன்றையொன்று காணா. இடையே ஒரு திரை வரும். விண்டோஸின் அருகில் நிறுவு என்றும், வன்தட்டை அழித்து நிறுவு என்றும் இரு தெரிவுகள் ஒன்றன்கீழொன்றாக நிற்கும். இரண்டுக்கும் இடையே ஒரு விரலளவுதான் தூரம். அன்பர் எமது தோளுக்குப் பின்னால் நின்று இருமுறை வாசித்தார். "அருகில்" என்பதை அழுத்தினோம்.

அரைமணியில் வேலை முடிந்தது. மீளத் தொடக்கியதும் கரும்பின்னணியில் பட்டியல் தோன்றியது: மேலே உபுண்டு, கீழே விண்டோஸ். முதலில் கீழுள்ளதைத் திறந்தோம். பேஜ்மேக்கர் இருந்தது, ஊர் இருந்தது. அதன் பின்னரே மேலுள்ளதைத் திறந்தோம். தமிழ்99, ஒலியியல், இலங்கையின் ரெங்கநாதன் ஆகிய விசைப்பலகை முறைகள் லினக்ஸுக்குக் கிடைக்கின்றன. மகள் பாடசாலையில் எதைப் பழகினாலும் இங்கே தொடரலாம்.

நான்கு மணிநேர வேற்றுமை

மறுநாள் இரவு ஒன்பது மணிக்கு விண்டோஸைத் திறந்தபோது, அதன் கடிகாரம் மாலை ஐந்து எனக் காட்டியது. அன்பர் திகைத்தார். இது பழுதன்று, கொள்கை வேற்றுமை. தாய்ப்பலகையில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொதுநேரமாகக் கருதுகிறது. விண்டோஸோ உள்ளூர் நேரமாகக் கருதுகிறது. ஓமான் பொதுநேரத்துக்கு நான்கு மணி முந்தியது. ஆகவே லினக்ஸ் எழுதிவைத்த நேரத்தை விண்டோஸ் அப்படியே வாசித்து, நான்கு மணி பிந்திவிடுகிறது. இலங்கையிலாயின் ஐந்தரை மணி பிந்தியிருக்கும். இணையத்தோடு தொடர்புள்ள விண்டோஸ் சிறிது நேரத்தில் தன்னைத் திருத்திக்கொள்ளக்கூடும். ஆனால் இந்த விண்டோஸின் இணையத் தொடர்பை நாம் துண்டித்திருந்தோம். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன ஓர் இயங்குதளத்தை இணையத்தில் விடுவது, வேலியில்லா வளவில் மாட்டைக் கட்டுவது போலாகும்.

உபுண்டுவுக்கு ஒரே ஆணையிட்டு, நீயும் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்றோம். சிக்கல் தீர்ந்தது. ஊருக்குப் போனதும் இரண்டிலும் நேரவலயத்தை இலங்கைக்கு மாற்றும்படி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். ஒரே மார்புக்கூட்டுக்குள் இரண்டு கடிகாரங்களை வைத்துக்கொண்டு வாழ்வதில் எமக்கும் அன்பருக்கும் பழக்கம் உண்டு. ஆனால் கணனிக்கு அந்தத் துன்பம் வேண்டாம் என எண்ணினோம்.

இன்னும் இரு குறிப்புகள். விண்டோஸின் புதுப்பிப்புகள் சில வேளைகளில் லினக்ஸின் வாசலை மறைத்துவிடுவதுண்டு. 2024 ஓகஸ்டில் வெளியான பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, இரட்டை ஏற்பாடு கொண்ட பல கணனிகளில் லினக்ஸ் தொடங்காதவாறு செய்தது. அதற்குரிய திருத்தம் பிற்பாடு வந்தது. எனவே உபுண்டு நிறுவிய பென்டிரைவை எறிந்துவிடாமல் மீட்புக்காக வைத்திருத்தல் நன்று. மற்றொன்று: லினக்ஸ் வேண்டாம் எனப் பின்னர் முடிவுசெய்வோர், அதன் பிரிவை எடுத்த எடுப்பில் அழித்துவிடக் கூடாது. முதலில் தாய்ப்பலகையின் அமைப்பில் விண்டோஸை முதலாவதாக்கிய பின்னரே அழிக்க வேண்டும். அன்றேல் காவலன் நிற்க, வீடு காணாமற்போன கதையாகும்.

எழுத்திலிருந்து எழுத்துக்கு

மூன்றாவது கிழமையில் மாற்றும் பணி தொடங்கியது. பாமினியை யூனிகோட்டாக்கும் கருவிகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. பொங்குதமிழ் என்னும் மாற்றியைப் பலரும் அறிவர். விண்டோஸுக்குள் பேஜ்மேக்கரிலிருந்து பந்தி பந்தியாக எடுத்துப் பொதுப் பிரிவில் வைத்து, உபுண்டுவில் மாற்றி, மூலத்தோடு ஒப்புநோக்கினோம். கண்ணை மூடிக்கொண்டு மாற்றுதல் ஆகாது. பாமினிக்கு ஆங்கில எழுத்தும் தமிழ் எழுத்தும் ஒரே இருக்கையினர் அல்லவா? மூலத்தில் ஆங்கிலத்திலே எழுதப்பட்டிருந்த காணி உறுதிக் குறிப்புகளையும் மாற்றி தமிழென்றே எண்ணிப் பொருளற்ற சொற்களாக்கிவிட்டது. அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினோம்.

முப்பது பக்கங்களே முடிந்தன. எஞ்சியவற்றை மகள் முடிப்பாள் என்றார் அன்பர். அத்தான் எழுதியதை அவள் இதுவரை வாசித்ததில்லையாம். மாற்றி முடிந்ததும், 2005 ஆம் ஆண்டு முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிமத்தில் காத்துவரும் நூலகம் திட்டத்திடம் ஒரு பிரதியைக் கொடுக்கலாம் என்றோம். ஊராரிடம் கேட்டுவிட்டுச் செய்வதாகச் சொன்னார். அது சரியான விடை. காணிப் பெயர்கள் உள்ள ஏடு. ஊராரைக் கேட்டே வெளியிட வேண்டும்.

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, ஒப்புநோக்குகையில் ஒரு வரியில் அவருடைய விரல் நின்றது. ஊரின் வடக்குக் கரையில் இருந்த நன்னீர்க் கிணறு ஒன்றைப் பற்றிய குறிப்பு. வெட்டியவர் பெயராக அவருடைய பாட்டனாரின் பெயர் இருந்தது.

"எனக்கு உது தெரியாது சேர்" என்றார். "அந்தக் கிணறு இப்ப தூர்ந்து போச்சு. இடம் எதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. இதிலை இருக்கு. பனையிலையிருந்து எத்தினை பாகம் எண்டும் அத்தான் எழுதி வைச்சிருக்கிறார்."

மடிக்கணனி அவருடைய கைப்பையில் சென்றது. ஒரு பென்டிரைவு பெரிய பெட்டியில் சென்றது. மற்றொன்று எமது மேசை இழுப்பறைக்குள் இருக்கிறது. மூன்றும் ஒரே பெட்டியில் பயணஞ் செய்யக் கூடாது என்பதில் நாமிருவரும் உறுதியாயிருந்தோம். வாசகர்களே, உங்கள் வீடுகளிலும் பரணில் ஏறிய பழைய கணனி ஒன்று இருக்கக்கூடும். அதனை எவரிடமேனும் கொடுத்து அழிப்பிக்குமுன், ஒரு மாலைப்பொழுதில் இறக்கித் திறந்து பாருங்கள்.